கிரகணமும் பலனும்

எங்கள் லயத்துக் காம்பராவில் நூல் என்று சொல்லத்தக்கது ஒன்றே இருந்தது. அது பஞ்சாங்கம். நமுனுகுலை மலைச் சரிவிலுள்ள ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், எங்கள் லயத்தார்களுள் எழுத்தறிந்தவர் மிகச் சிலர். ஆயினும் ஆண்டுதோறும் சித்திரை பிறக்குமுன் என் தந்தையார் பதுளைக் கடைத்தெருவிலிருந்து ஒரு பஞ்சாங்கம் வாங்கிவந்து, சுவாமி படத்தருகே ஆணியில் மாட்டிவிடுவார். கணக்கப்பிள்ளையோ கோயிற் பூசாரியோ அந்தப் பக்கம் வரும்போது அதைப் படிக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம். மழை எத்தனை மரக்கால், எந்த மாதத்தில் அரிசி விலை ஏறும், எந்த நாளிற் கிரகணம் என்பவையெல்லாம் ஒரே நூலிலிருந்து, ஒரே குரலில் எங்கள் காதில் விழுந்தன. ஒரே நம்பிக்கையுடன் நாங்களும் அவற்றைக் கேட்டோம்.

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, கல்லூரியிற் கற்றவற்றுள் என் வீட்டுக்கு உண்மையாகவே பயன்பட்டது எது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு மேசை விளக்கும், ஒரு தோடம்பழமும், ஒரு நெல்லிக்காயும் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன் 1955ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டு யூன் மாதம் 20ஆம் திகதி, மன்மத வருஷம் ஆனி மாதத்துத் திங்கட்கிழமை காலையில், இலங்கையிற் பூரண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பூரண கிரகணங்களுள் மிக நீண்டது அதுவே. கிழக்கே கடலின்மேல் அதன் உச்சத்தில் முழு இருள் ஏழு நிமிடத்துக்கு மேல் நீடித்தது. நம் நாட்டிற் பொலன்னறுவை, சிகிரியா ஆகிய பகுதிகளின் மேலாக நிழல் சென்றது. பிற நாட்டு வானசாஸ்திரிகள் கருவிகளுடன் வந்து காத்திருந்தார்கள். மேகம் அவர்களிற் பலரை ஏமாற்றிவிட்டது. நாட்டு மக்கள் வேறு வகையில் ஏமாந்தார்கள். கிரகண வேளையில் வசம்பு கலந்த மருந்தொன்றை அருந்தினால் மேனி சிவந்து அழகு பெருகும் என்று ஒரு வதந்தி பரவிற்று. அதை நம்பிக் குடித்த பலர் நோயுற்று ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்தனர். அந்தக் கதையைச் சிங்கள அன்பர்கள் பின்னரும் நெடுங்காலம் சிரித்துச் சிரித்துச் சொல்வதுண்டு.

எங்கள் லயத்தில் எவரும் அழகு வேண்டி எதையும் குடிக்கவில்லை. அங்கே இருந்தது அச்சம். என் தாயார் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. எனக்கு ஆறு வயது. தந்தையாரின் தாயாரை அப்பாயி என்று அழைப்போம். வீட்டில் அவர் வைத்ததே சட்டம். அன்று விடியுமுன்னரே அடுப்பை அணைத்து, பூசாரியிடம் வாங்கிவந்த தருப்பையைத் தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய்ச் சாடியிலும் இட்டார். தாம்பாளத்தில் நீர் ஊற்றி அதில் உலக்கையை நிமிர்த்தி வைத்தார். அது விழாமல் நின்றது. கிரகணம் பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி என்றார். (உலக்கை மற்ற நாட்களிலும் நிற்கும். பல ஆண்டுகளுக்குப் பின் நானே நிறுத்திப் பார்த்தேன். மற்ற நாட்களில் எவரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.)

தாயாரைக் காம்பராவுக்குள் இருத்தி, உள்ளே தாழிடச் சொல்லி, கூரைத் தகரத்தின் ஓட்டைகளையும் சாக்குத் துணியால் அடைத்துவிட்டார். கத்தியைத் தொடலாகாது, ஊசியைத் தொடலாகாது, எதையும் வெட்டவோ கிழிக்கவோ கூடாது. மீறினால் வயிற்றுப் பிள்ளையின் உதடு பிளந்துவிடும் என்று எச்சரித்தார். பிறகு கிரகண முழுக்குக்காகப் பீலிக்குப் போனார்.

நான் வெளியே ஓடிவிட்டேன். அடுத்த லயத்துப் பிள்ளைகளிடம் கரிபிடித்த கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது. அதன் வழியே சூரியன் கடித்த ரொட்டிபோலத் தெரிந்தது. கச்சான் காற்று அடங்கிக் குளிர் பரவிற்று. தேயிலை மலையெங்கும் ஒளி வாடி, கோழிகள் கூடு தேடி நடந்தன. அந்த அரையிருளில் ஓடிவந்த நான் கானுக்குள் விழுந்து முழங்காலைப் பிளந்துகொண்டேன். என் அழுகுரல் கேட்டதும் தாயார் தாழை நீக்கிக் கதவைத் திறந்தார். இரத்தம் நிற்கவில்லை. மூலையிற் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துப் பழைய சேலையின் முந்தானையை அறுத்து, என் காலில் இறுகக் கட்டினார். அப்பாயி ஈரச் சேலையுடன் வாசலில் வந்து நின்றபோது கதவு திறந்திருந்தது; கத்தி தாயாரின் கையிலிருந்தது.

அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓகஸ்ட் 29ஆம் திகதி என் தம்பி பிறந்தான். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. அன்றுதான் சொன்னார்.

பிளவுபட்ட உதட்டால் மார்பைப் பற்றிச் சுவைக்க இயலாமல் அந்தக் குழந்தை அலறியதும், தாயார் இரவு முழுவதும் பாலாடையால் துளித் துளியாக ஊட்டியதும் எனக்கு இன்னும் நினைவிலுண்டு. பதினொரு வயதில் அவனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. வடு மெல்லியதாகிவிட்டது, பேச்சும் பெரும்பாலும் தெளிந்தது. ஆனால் தாயார் மேல் விழுந்த சொல்லுக்குச் சிகிச்சை இல்லை. எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தாலும் அவர் முன்னே நின்றதில்லை. எவரும் விலக்கவில்லை, அவரே பின்வாங்கிக்கொள்வார். என்னையும் அவர் ஒருபோதும் குற்றம் சொன்னதில்லை. கானுக்குள் விழுந்தவன் நான் என்பது எனக்கு மட்டும் போதுமான அளவு தெரிந்திருந்தது.

இந்த எண்ணத்துடனேதான் கல்லூரிக்கு வந்தேன். பிலவ வருஷத்துத் தை மாதம், அதாவது 1962ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அட்டக்கிரகக் கூட்டு என்ற பேச்சு எங்கும் எழுந்தது. பழைய மாணவர் பலருக்கு நினைவிருக்கும். சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்னும் ஏழுடன் கேதுவும் சேர்ந்து பெப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் ஒன்றுகூடுகின்றன. கூடவே ஒரு சூரிய கிரகணமும் நிகழ்கிறது. உலகம் அழியப்போகிறது என்றார்கள். இந்தியாவில் நகரந்தோறும் வேள்விகள் நடந்தன; நெய் குடங்குடமாக அக்கினியிற் சொரியப்பட்டது. எங்கள் விடுதியிலும் மாணவர் சிலர் வீட்டுக்குப் போகத் துடித்தனர். அழிவதானால் தாய் தந்தையருடன் அழியலாமே என்பது அவர்கள் கருத்து.

எங்கள் விஞ்ஞான ஆசிரியர் நாள் தவறாமல் திருநீறு அணிபவர். அவர் எவரையும் கேலி செய்யவில்லை. தவணை தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு மாலை, வகுப்பறைச் சாளரங்களைச் சாத்திவிட்டு, மேசை விளக்கைச் சூரியனாகவும் தோடம்பழத்தைப் பூமியாகவும் நூலிற் கட்டிய நெல்லிக்காயைச் சந்திரனாகவும் வைத்துக் காட்டினார். நெல்லிக்காயின் பாதை சற்றே சாய்ந்திருப்பதால் எல்லா அமாவாசையிலும் கிரகணம் நிகழ்வதில்லை. இரு பாதைகளும் வெட்டும் இரண்டு புள்ளிகளே இராகுவும் கேதுவும். அமாவாசை அப்புள்ளியை ஒட்டி நேரும்போது நிழல் பூமியில் விழுகிறது என்று விளக்கினார். அதுவரை பாம்பாக இருந்த இராகு அன்று எனக்கு ஒரு புள்ளியாயிற்று.

அத்துடன் நிறுத்தாமல் ஒரு கொப்பியைத் திறந்து, "அந்த நாட்களில் என்னென்ன நடக்கும் என்று கேள்விப்பட்டீர்களோ அவற்றை இதில் எழுதுங்கள். நடக்குமுன் எழுதவேண்டும். நடந்தபின் எழுதுவது சரித்திரம்" என்றார். நாங்கள் எழுதினோம். பூகம்பம், பிரளயம், பதுளு ஓயா பெருகி நகரம் மூழ்குதல். கணிதப் பரீட்சை நின்றுபோகும் என்றும் ஒருவன் எழுதியிருந்தான். அது சோதிடமன்று, வேண்டுதல்.

பெப்ரவரி 5ஆம் திகதி வந்து சென்றது. கிரகணம் நியூகினிப் பக்கம் குறித்த வேளையில் நிகழ்ந்தது. வேறொன்றும் நிகழவில்லை. ஆனால் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் எழுந்து, ஜனவரி 27ஆம் திகதி இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்கச் சதிசெய்து பிடிபட்டார்களே, அது கூட்டின் பலன் அல்லவா என்று கேட்டார். நல்ல கேள்வி. சதி முயற்சி உண்மை; நாடே நடுங்கியதும் உண்மை. ஆசிரியர் கொப்பியைப் புரட்டி, "இதை யார் எழுதினீர்கள்?" என்றார். எவரும் எழுதியிருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையிற் கோளறு பதிகம் பாடச் செய்தார். திருமறைக்காட்டிலிருந்து சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று அப்பர் தடுத்தார். சம்பந்தர் அப்பதிகத்தைப் பாடிவிட்டுப் புறப்பட்டார். கோள்கள் ஒன்றும் செய்யா என்று விஞ்ஞானம் சொல்வது ஒரு விடை. செய்தாலும் அடியார்க்கு அஞ்சவேண்டுவதில்லை என்பது வேறொரு விடை. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் இரண்டில் எதுவும் அப்பாயியின் தாழ்ப்பாளுக்கு இடங்கொடுக்கவில்லை.

பிற்காலத்தில் இப்பொருள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நம் முன்னோர் அறியாமையில் மூழ்கியிருந்தனர் என்று கூறுவோரின் கூற்றை நான் ஏற்கமாட்டேன். கி. பி. 499இல் ஆரியபடர் சந்திர கிரகணத்துக்குப் பூமியின் நிழலே காரணம் என்று எழுதிவிட்டார். 1825இற் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையிற் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை, ஆங்கிலேயர் சேவையிலிருந்த ஜோன் வாறன் கண்டு பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்துக்கு அவர் சொன்ன வேளையில் நான்கு நிமிடமே பிழை. நடுவிலும் முடிவிலும் பிழை கூடிற்று. முடிவில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். தொலைநோக்கியோ கடிகாரமோ இன்றிச் சோழியால் அவ்வளவு நெருங்கியது சிறிய காரியமா?

ஆகவே கணிதம் மெய். எங்கள் மயக்கம் அங்கேதான் தொடங்கிற்று. எட்டு மணிக்கு இருளும் என்று பஞ்சாங்கம் சொல்ல, எட்டு மணிக்கு இருண்டது. இதைச் சரியாகச் சொன்ன நூல், அடுத்த வரியிற் கர்ப்பிணிக்கு ஆகாது என்று சொன்னால் அதையும் யார் மறுப்பார்? கணிதம் சம்பாதித்த நம்பிக்கையைப் பலன் செலவு செய்கிறது. இது நேற்று வந்த வழக்கமன்று. வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் இராகு விழுங்குவதாற் கிரகணம் உண்டாவதில்லை என்று மறுத்து நிழலைக் காரணமாகக் காட்டுகிறார். அதே அத்தியாயத்தில், எந்த மாதத்துக் கிரகணத்தால் எந்த நாட்டாருக்குத் துன்பம் என்ற பட்டியலையும் தருகிறார். ஒரே கை இரண்டையும் எழுதியிருக்கிறது.

நிமித்தம் என்றால் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்து நம்மை எச்சரிக்கவேண்டும். கிரகணமோ பதினெட்டு ஆண்டும் பதினொரு நாளும் சில மணி நேரமும் கழித்துத் தன் இனத்துடன் மீண்டும் வருவது. 1955இன் கிரகணத்துக்கு 1919 மே 29ஆம் திகதியதும், 1937இல் வந்ததும் மூத்தவை. 1973, 1991, 2009 ஆகிய ஆண்டுகளினவும், 2027 ஓகஸ்ட் 2ஆம் திகதிக்குரியதும் இளையவை. 1919இன் கிரகணத்தைக் கொண்டுதான் ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்தார்கள். அறிஞர்க்கு அவ்வாறு உதவிய குடும்பம், ஸ்பிரிங்வெளியில் ஒரு தேயிலைத் தொழிலாளியின் பிள்ளையின் உதட்டைத் தேடிவந்து பிளந்ததா? 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நம் கரையோரங்களை அழித்த அன்று கிரகணம் இல்லாத வெறும் பௌர்ணமி. சரியாகப் பதினைந்து ஆண்டு கழித்து அதே திகதியில், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கங்கண கிரகணம் தெரிந்தது, கடல் அசையவில்லை. பின்னர் கொரோனா வந்தபோது அதுவே அந்தக் கிரகணத்தின் பலன் என்றார்கள். ஆசிரியரின் கொப்பியை நினைத்துக்கொண்டேன்.

இவையெல்லாம் வாதம். வாதத்தால் எவருக்கும் ஆறுதல் உண்டாவதில்லை. ஆறுதல் தந்த கணக்கு 1980இல் வந்தது.

அவ்வாண்டு பெப்ரவரி 16ஆம் திகதி சனிக்கிழமை, இந்தியாவின் கர்நாடகம் முதல் ஒரிசாக் கரைவரை பூரணமாகவும், இலங்கையிற் பகுதியாகவும் தெரிந்த சூரிய கிரகணம். என் மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. தாயார் முதல் நாளே தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, பையில் தருப்பையுடன் பதுளைக்கு வந்துவிட்டார். மனைவிக்காக நான் வாங்கியிருந்த மருத்துவ நூல் ஒன்று மேசைமேல் இருந்தது. இரவு அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, குழந்தையின் மேலுதடு கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையிற் பொருந்தி முடிகிறது, பொருந்தத் தவறினாற் பிளவு நிலைத்துவிடுகிறது என்ற வரி கண்ணிற் பட்டது. தவறுவதற்குப் பரம்பரையும் தாயின் போஷாக்கும் வேறு பலவும் காரணமாகலாம் என்றும் இருந்தது. அப்புறம் நான் படிக்கவில்லை. தாளும் பென்சிலும் எடுத்தேன்.

தம்பி பிறந்தது 1955 ஓகஸ்ட் 29. அதிலிருந்து முப்பத்தெட்டு வாரம் பின்னே சென்றால் 1954 டிசம்பர் 6ஆம் திகதியளவில் கரு உண்டாகியிருக்கவேண்டும். ஏழு வாரம் கூட்டினால் 1955 ஜனவரி 24. தைப்பொங்கல் கழிந்து பத்து நாளில் அவனுடைய உதட்டின் கதை முடிந்துவிட்டது. கிரகணம் வந்தது யூன் 20. கத்தி முந்தானையை அறுத்தபோது அந்த உதடு பிளந்து ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் கானுக்குள் விழுந்திராவிட்டாலும், கதவு திறந்திராவிட்டாலும், கிரகணமே நிகழ்ந்திராவிட்டாலும் அவன் அப்படியேதான் பிறந்திருப்பான். இருபத்தைந்து ஆண்டு எங்கள் வீட்டிற் கிடந்த பாரத்தை இறக்க, ஒரு கழித்தலும் ஒரு கூட்டலும் போதுமாயிருந்தன.

சோதிடத்தில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் இக்கணக்கை எதிர்த்தார். 1954 டிசம்பர் 25இலும் ஒரு கிரகணம் உண்டு. தென்னாபிரிக்காவிலிருந்து இந்து சமுத்திரத்தின் மேலாகச் சென்றது. அப்படியானால் அதுவே காரணம் என்றார். திகதி சரிதான், நானும் பார்த்தேன். ஆனால் ஆண்டுதோறும் உலகில் இரண்டு சூரிய கிரகணங்களுக்குக் குறையாமல் நிகழ்கின்றன. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதற்குரிய பருவம் வந்துவிடுகிறது. கருவோ ஏறத்தாழ ஒன்பது மாதம் வயிற்றிலிருப்பது. ஆகவே வயிற்றிலிருந்தபோது உலகில் எங்கேனும் ஒரு சூரிய கிரகணம் நிகழாமல், நிறைமாதத்திற் பிறந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. இக்கட்டுரையைப் படிப்பவரும், எழுதியவரும், என் நண்பரும் கிரகணம் பட்ட பிள்ளைகளே. அவர் சிரித்தார், ஆனாற் சம்மதிக்கவில்லை.

தாயாரிடம் அந்த இரவே சொன்னேன். அவர் எழுத்தறியாதவர். ஆனால் கொழுந்து இறாத்தலையும் பேர் போட்ட நாட்களையும் விரலிற் கணக்கு வைத்துத் தோட்டக் கணக்கையே திருத்தியவர். மாதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, விரலை மடக்கிக்கொண்டே கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை அவரே சொன்னார். தையில் மடக்கிய விரலையும் ஆனியில் மடக்கிய விரலையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்குச் சரிதாண்டா பெரியவனே. அப்பாயி இருக்கையிலே இது உனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

அப்பாயி இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

மறுநாட் பிற்பகல் ஒளி மங்கத் தொடங்கியதும், தாயார் என் மனைவியை உள்ளறைக்குப் போகச் சொன்னார். மருமகள் மறுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. தருப்பையும் குடத்துக்குள் போயிற்று. ஆனால் அறைக் கதவைச் சாத்தவில்லை. தாமே வாசற்படியில் அமர்ந்து, பாக்குவெட்டியை எடுத்து, கிரகணம் விடும்வரை பாக்கை வெட்டிக்கொண்டே இருந்தார்.

மே மாதத்தில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது தாயார் முதலில் அதன் உதட்டைத்தான் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன்.